1இ001

எஃப், எச், ஈ, அரைப்புள்ளி, ஜே, பி. இந்த ஆறு விசைகளையும் இதே வரிசையில் தட்டினால் திரையில் ‘காந்தி’ வரும். கூடவே மார்க்கெட்டும் வேண்டுமென்றால் இன்னும் பத்து விசை. தொண்ணூறுகளின் கடைசியில் பாமினி எழுத்துருவில் தமிழ் அடித்துப் பிழைத்தவர்களுக்கு இது விரல்பாடம். நான் பிழைத்த இடம் திருச்சி காந்தி மார்க்கெட்டை ஒட்டிய கீழப்புலிவார்டு ரோட்டில் ஒரு மாடி அறை. கீழே பூண்டும் வரமிளகாயும் கைமாறும் மண்டி. மேலே இரண்டு கணிப்பொறி, ஒரு லேசர் பிரிண்டர், தும்மலோடு நாங்கள். ராத்திரி லாரி வந்து லோடு இறங்க ஆரம்பித்தால் விடியும்வரை அந்தத் தெரு தூங்காது. முகூர்த்த மாதங்களில் நாங்களும் தூங்கியதில்லை. மண்டிக்கான பில் புத்தகம், காதணி விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வியாபாரிகள் சங்க நோட்டீஸ் எல்லாவற்றையும் பேஜ்மேக்கர் 6.5இல் வடிவமைத்து, ட்ரேசிங் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து, ஆஃப்செட் அச்சகத்துக்கு அனுப்புவோம். அச்சானதும் அந்தக் கோப்பைத் திரும்பப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது.

அன்றைய கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது சிரமம். விண்டோஸ் 98 ஆங்கில எழுத்துகளைத்தான் சேமித்தது. ஜே என்ற எழுத்தின் படத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் ‘த’ வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது ஜே, கண்ணுக்குத் தெரிவது த. மணப்பாறை மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி கோப்புக்கும் எழுத்துருவுக்கும் இடையே ஒரு ரகசிய உடன்பாடு. இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறவரை வியாபாரம் நடக்கும். ஒருவர் எழுந்து போய்விட்டால் மற்றவர் கையில் மிஞ்சுவது வெறும் விரல்.

இந்த உடன்பாடும் ஊருக்கு ஒன்று. பாமினியில் த இருக்கும் இடத்தில் இன்னொரு நிறுவனத்தின் எழுத்துருவில் வேறு ஏதாவது உட்கார்ந்திருக்கும். அரசு அலுவலகங்களில் வானவில், பத்திரிகைகளில் அவரவர் சொந்த எழுத்துரு, இணையத்தில் தமிழ் எழுதியவர்களிடம் டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தரமென்று முடிவு செய்தார்கள். செய்தி மார்க்கெட்டுக்கும் வந்தது. கணிப்பொறி சமாச்சாரங்களைக் கதைபோல் சொல்லித் தமிழர்களுக்குப் பழக்கிய சுஜாதா ஆற்றுக்கு அந்தக் கரையில் ஸ்ரீரங்கத்துக்காரர் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. ஆனாலும் கீபோர்டை மாற்ற எங்களில் ஒருவரும் தயாராக இல்லை. நாளைக் காலை மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை வாங்க வந்து நிற்பார்கள். தரப்படுத்திக்கொண்டிருக்க நேரமேது? யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது என்பதும், விண்டோஸ் 2000இல் லதா என்ற எழுத்துரு தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதும் எங்கள் மாடிக்கு ஏறி வர வெகு காலம் ஆயிற்று. அரசே யூனிகோடுக்கு முறையாக மாறியது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான்.

அதற்குள் நான் அந்தத் தொழிலை விட்டுவிட்டேன். ஆனாலும் ‘பழைய ஃபைல் திறக்கணும்’ என்று யாராவது தேடி வந்துகொண்டே இருந்தார்கள். அவற்றில் சொல்லத் தகுந்தது 2020இல் வந்தது.

கொரோனா ஊரடங்கில் காந்தி மார்க்கெட்டைப் பூட்டி, மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றியிருந்தார்கள். முதல் உலகப் போருக்குப் போனவர்களின் நினைவாக நிற்கும் மணிக்கூண்டைச் சுற்றி ஆள் நடமாட்டமே இல்லை. கடையைத் திறக்க வழியில்லாத ஒரு மண்டிக் குடும்பம், பொழுதுபோகாமல் வீட்டுப் பரணை ஒழித்திருக்கிறது. அங்கே ஒரு பிஸ்கட் டின் நிறைய ஃப்ளாப்பி. எல்லாவற்றின் மேலும் எங்கள் பழைய கடையின் லேபிள். பேரன் டின்னோடு வந்து நின்றார். முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த கண்கள் அச்சு அசல் தாத்தாவுடையவை. அந்தப் பெரியவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஏணிப்படி போன்ற எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்து, ‘எழுதிக்கோப்பா’ என்று ஆரம்பிப்பார்.

மூன்றரை அங்குல ஃப்ளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்பி. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதில் அடங்காது. சென்னை ரிச்சி தெருவில் இருந்த நண்பர் மூலம் யூஎஸ்பியில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றைக் கூரியரில் வரவழைத்தேன். சில ஃப்ளாப்பிகளில் காந்தத் தகட்டின் மேல் பூஞ்சை படர்ந்து வெள்ளை வட்டமாகத் தெரிந்தது. அவற்றை உள்ளே விட்டால் டிரைவின் தலையும் கெடும் என்று ஒதுக்கி வைத்தேன். மிச்சத்தில் பாதி படித்தது. கிடைத்தவை பெரும்பாலும் பேஜ்மேக்கர் கோப்புகள். அடோபி அந்த மென்பொருளை மேம்படுத்துவதை 2004இலேயே நிறுத்திவிட்டது. பிறகு வந்த இன்டிசைனும் சிஎஸ்6 வரைதான் பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது. அதற்கு மேற்பட்டவை கையை விரித்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் மட்டும் 2015இலிருந்து இந்தக் கோப்புகளைத் திறந்து பார்க்கிறது. கைவிடப்பட்ட வடிவங்களைப் படித்துக் காட்டுவதையே வேலையாக வைத்துக்கொண்டு ஒரு தன்னார்வக் கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்பதை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. திருச்சியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய பெட்டியில் பேஜ்மேக்கர் அப்போதும் சோறு போட்டுக்கொண்டிருந்தது. பின்கதவு வழியாக உள்ளே விட்டார் ஒரு பழைய சகா.

கோப்பைத் திறந்ததும் ‘பனோஸ்’ என்று ஒரு பெட்டி வந்தது. எழுத்துரு காணவில்லை, அதற்குப் பதில் இதைப் போடட்டுமா என்று கேட்கும் பெட்டி. டிடிபிக்காரர்கள் அதைப் படிப்பதே இல்லை, கை தானாக ஓகே அடித்துவிடும். திரையில் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக ஒரே இரைச்சல். அதற்கு நடுவே எண்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. பாமினியில் எண்கள் எண்களின் இடத்திலேயேதான் இருக்கும். எழுத்துரு போனாலும் அவை போகாது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 51, 101, 101, 251, 501, 1,001. வலது ஓரத்தில் கட்டிய வரிசைபோல் இறங்கிக்கொண்டே போயின.

பேரன் திரையை எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை படிக்க முடியாமலேயே, “அண்ணே, இது மொய் நோட்டு” என்றார்.

வேறென்னவாக இருக்க முடியும்? வியாபாரக் கணக்கு ஒன்றில் முடிவதில்லை. 1999இல் அவருடைய அத்தை கல்யாணத்தில் எழுதிய மொய்யை, நோட்டைப் பார்த்து எங்கள் கடையில் அடித்துக் கொடுத்திருக்கிறோம். அசல் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. பிரிண்ட் எடுத்த தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. நினைவில் வைத்திருந்த பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வந்த மொய்யைத் திருப்பிச் செய்யாமல் விடுவது மார்க்கெட்டில் செக் திரும்பியதைவிடப் பெரிய அவமானம். ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் வரலாம் என்று அரசு சொல்லியிருந்தது. மொய்க்கு அந்த வரம்பு கிடையாது, ஜிபேயில் அனுப்பிவிடலாம். யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. தொகை முழுக்க இருக்கிறது, பெயர் ஒன்றுகூட இல்லை.

இதே குடும்பத்தின் வியாபாரக் கணக்கு இருபது வருஷத்துக்கு முந்தையதுவரை சுத்தமாக இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பழைய டாலி மென்பொருளிலிருந்து அடுத்த டாலிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஆடிட்டர் படிப்படியாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். வருமான வரிக்குப் பயந்து செய்தது. மொய்யையும் பெரியவர் சொல்லச் சொல்ல நாங்கள் அடித்ததையும் கேட்டு நோட்டீஸ் அனுப்ப ஒரு அலுவலகம் இருந்திருந்தால் அவையும் ஏறியிருக்கும்.

பாமினியை யூனிகோடாக மாற்ற வழிகள் உண்டு. இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடையேயும் பாமினி கொடிகட்டிப் பறந்ததால், அதற்கு மாற்றிகள் சீக்கிரமே வந்தன. சுரதாவின் பொங்குதமிழை நம்பித்தான் பலரும் பழையதை மீட்டார்கள். கிழக்கு பதிப்பகத்தை நடத்திய நியூ ஹொரைசன் மீடியா என்எச்எம் மாற்றியை இலவசமாகக் கொடுத்தது. மாற்றி செய்யும் வேலை பார்வைக்கு எளிது. ஜே வந்தால் த, கே வந்தால் ம. சிக்கல் வரிசையில் இருக்கிறது. ‘கொ’ எழுத நாங்கள் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம். யூனிகோடோ க முதலில், ஒகரக் குறி பின்னால் என்று காதுக்குக் கேட்கிற வரிசையில் வைக்கிறது. ஆகவே மாற்றி கொம்பைப் பிடுங்கிக்கொண்டுபோய் எழுத்துக்குப் பின்னால் நட வேண்டும். ஔகாரம் இன்னும் மோசம்: அதன் வால் ளகரம் போலவே இருப்பதால் கௌரியையும் கெளரியையும் இயந்திரத்தால் பிரித்துப் பார்க்க முடியாது. ‘ர்’ அடிக்க நாங்கள் காலை அடித்து அதன் தலையில் புள்ளி வைப்போம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சில மாற்றிகள் அதை அப்படியே விட்டுவிடும். பிறகு தேடல் பெட்டியில் ‘மார்க்கெட்’ என்று தேடினால், எதிரே இருக்கும் மார்க்கெட்டே அகப்படாது.

மொய்ப் பட்டியலை மாற்றியில் போட்டேன். தமிழ் வந்தது. கூடவே வந்தது தலைப்பில் இருக்கும் தொகை: 1இ001. பாமினியில் காற்புள்ளி விசையில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது. தமிழ் நடுவே காற்புள்ளி வேண்டுமென்றால் வேறு விசை. தொகைகளை மட்டும் நாங்கள் அழகுக்காக டைம்ஸ் எழுத்துருவில் போடுவது வழக்கம். அதில் காற்புள்ளி நிஜக் காற்புள்ளி. எழுத்துரு விவரம் உதிர்ந்து வெறும் உரையாக வெளியே வரும்போது மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் தமிழாக்கிவிடுகிறது. இலங்கைச் செய்தித் தளங்களில் ‘10இ000 ரூபா’ என்று படித்துக் குழம்பியவர்கள் பலர் இருப்பார்கள், காரணம் இதுதான். இ-யைக் கண்டுபிடித்துத் திருத்துவது சுலபம். பட்டியலில் ‘ளுவுனு பூத் – 101’ என்று ஒரு வரி. சிரித்து முடித்த பிறகுதான் அது எஸ்டிடி பூத் என்று புரிந்தது. ஆனால் ‘மு.சு.’ என்று முதலெழுத்துப் போட்ட ஒரு பெயரைப் பார்த்து எப்படிச் சந்தேகப்படுவது? நல்ல தமிழ் இனிஷியல். ஆங்கிலத்தில் அடித்த கே.ஆர். கூட மாற்றியிலிருந்து மு.சு. என்றுதான் வரும். மொய்ப் பட்டியலில் இது விளையாட்டில்லை. ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் மார்க்கெட்டில் இனிஷியல்தான் ஆள்.

அதற்குத்தான் அக்காவிடம் போனோம்.

அக்கா எங்களோடு அந்த மாடியில் இருந்தவர், பட்டியலை அடித்தவரும் அவரேதான். தாராநல்லூரிலிருந்து நடந்தே வேலைக்கு வருவார். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டவர், அடையவளஞ்சான் வீதியில் குடியிருந்தார். கணிப்பொறியைத் தொடுவதற்கு முன்பே தமிழ்த் தட்டச்சில் லோயரும் ஹையரும் தேறியிருந்தார். இடது கை நான்கு விரலுக்கு ய, ள, ன, க. வலது கைக்கு த, ம, ட, புள்ளி. சிங்கப்பூரில் குடியேறிய யாழ்ப்பாணத்து முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு வழிகாட்டியவர். இன்ஸ்டிடியூட் ரெமிங்டன்களில் தடதடத்த அந்த நடுவரிசை பாமினியிலும் அப்படியே இருந்தது. ஆகவே அக்காவுக்குக் கணிப்பொறியில் புதிதாகக் கற்க எதுவும் இருக்கவில்லை. எஃப் என்று எழுதியிருந்த விசை அவருக்கு எப்போதுமே க.

வாசல் திண்ணையில் மடிக்கணினியை வைத்து, மாற்றிய தமிழைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், “இது வேணாம், நடுவுல எவனோ கைய வச்சிருக்கான். பழசைக் காட்டு” என்றார். அந்த இரைச்சலைக் காட்டினேன். ஆங்கில எழுத்துகளைப் பார்த்தபடியே படிக்க ஆரம்பித்தார். திணறவில்லை. வலது கை விரல்கள் மட்டும் புடவை மடிப்பின் மேல் லேசாக அசைந்துகொண்டிருந்தன. “துறையூர் சின்ன வெங்காயம், 251. தொட்டியம் பூவன், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்த்து 501. லாலாபேட்டை வெத்தலைக் கொடிக்கால், 101.” மார்க்கெட்டில் ஆட்களைச் சரக்கின் பேரால்தான் சொல்வார்கள், பெரியவர் நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். பேரன் பேனாவும் தாளுமாகக் குறித்துக்கொண்டே வந்தார். மு.சு. வந்ததும் நிறுத்தினேன்.

“அது கே.ஆர். நாந்தான் இங்கிலீஷ்ல போட்டேன். பாரு, கேக்கும் ஆருக்கும் முன்னாடி எழுத்துரு மாத்துறதுக்காக ஒரு இடம் விட்டிருப்பேன், தமிழ்ல அடிச்சா விடமாட்டேன்.”

பார்த்தேன். இடைவெளி இருந்தது. இதை எந்த மாற்றிக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு ஃப்ளாப்பி இருந்தது. பெரியவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடித்த அவருடைய வாழ்க்கைக் கதை. அதைக் கௌரவமாகச் செய்ய வேண்டுமென்று, காசு கொடுத்து வாங்கிய ஓர் எழுத்துருவில் போட்டிருந்தோம். அந்தத் தொகுப்போடு டாங்கிள் என்று ஒரு கட்டை வரும். பிரிண்டர் செருகும் இணைப்பில் அதை மாட்டியிருந்தால்தான் எழுத்துரு வேலை செய்யும். கட்டை எங்கேயோ தொலைந்துவிட்டது. இருந்தாலும் அதைச் செருக இன்றைய கணிப்பொறிகளில் துளையே இல்லை. அக்காவின் விரலும் இங்கே உதவவில்லை. விசை ஒன்றானாலும் உள்ளே சேமிக்கும் குறிகளை அந்த மென்பொருள் தன் விருப்பத்துக்கு மாற்றிப் போட்டிருந்தது.

வழி வேறு பக்கமிருந்து வந்தது. கதையின் முதல் பக்கத்தை மட்டும் பெரியவர் தனியே அச்சடித்து, தீபாவளி வாழ்த்தோடு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருந்தார். ஒரு பிரதி சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அச்சான பக்கத்தையும் திரைக் குழப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழில் புள்ளி அளவுக்கு அடிக்கடி வரும் குறி வேறில்லை. எண்ணிப் பார்த்ததும் அது முதலில் சிக்கியது. பிறகு க, த, ம. ஒரு பக்கத்தில் வராத எழுத்துகளைச் சொற்களை வைத்து ஊகித்தேன். ஊரடங்குக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்கு வாய்க்கவில்லை. கிடைத்தவற்றில் பெரிது 1977 நவம்பர் வெள்ளம். புயல் மழையில் திருச்சி மூழ்கியபோது மண்டிக்குள் தண்ணீர் ஏறி, அடுக்கிலிருந்த உளுந்து ஊறிப் பருத்துச் சாக்கைக் கிழித்துக்கொண்டு வந்ததை ஒரு பக்கம் முழுக்கச் சொல்லியிருந்தார். நஷ்டம் எவ்வளவு என்பதை எழுதவில்லை. அந்த உளுந்தை எடுத்துப் போய் மாவாட்டியவர்கள் யார் யார் என்பதை எழுதியிருந்தார்.

கைக்குக் கை மாறி, யாரும் காசு கேட்காமல் பரவிய பாமினி இன்றைக்கும் பத்து வழிகளில் திறக்கிறது. நாங்கள் நியாயமாக விலை கொடுத்து, ரசீது வாங்கி, பூட்டோடு கொண்டுவந்தது ஒரு தாள் கிடைத்ததால்தான் திறந்தது. தொழிலுக்குப் பூட்டு தேவை என்பவர்களோடு சண்டை போடமாட்டேன். எழுத்துரு வரைபவருக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் பூட்டியது எழுத்துருவை மட்டுமல்ல. உள்ளே இருந்த பேச்சு பெரியவருடையது, அவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. ஸ்ரீரங்கம் வாணி விலாஸ் அச்சகத்தார் 1910இல் சங்கரரின் நூல்களை இருபது தொகுதியாகப் போட்டார்கள். அதைத் திறக்கக் கரையான் மனது வைத்தால் போதும்.

மொய்ப் பட்டியல் அக்கா வீட்டுத் திண்ணையில் அன்று மாலையே முடிந்திருந்தது. பேரன் தாள்களை அடுக்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அக்கா, எவ்ளோ குடுக்கணும்?” என்றார்.

“உங்க தாத்தாகிட்ட பக்கத்துக்குப் பன்னண்டு ரூபா வாங்கினோம்.”

“அது அப்ப, டைப் அடிச்சதுக்கு. இப்ப வாசிக்கத்தானே செஞ்சீங்க?”

“அடிக்க ஆயிரம் பேர் இருந்தாங்க தம்பி. வாசிக்க இப்ப யாரு இருக்கா? பக்கத்துக்கு அம்பது.”

“முப்பது போட்டுக்குங்கக்கா.”

“நாப்பது. அதுக்குக் கீழ எறங்கினா, அந்தக் கே.ஆரை மறுபடி மு.சு. ஆக்கிடுவேன்.”